மனச்சோர்வை அளக்கும் வினாநிரல்கள்: ஒரு வரலாற்று ஒப்பாய்வு (1960 – 2020)

ஆய்வுச்சுருக்கம்

மனச்சோர்வின் கடுமையை எண்ணால் குறிக்கும் வினாநிரல்கள் 1960 முதல் மருத்துவமனைகளிலும் ஆய்வுக்களங்களிலும் பரவலாகப் பயன்பட்டு வருகின்றன. இவை அனைத்தும் ஒரே நிலையை அளப்பதாகக் கருதி, ஒன்றின் இடத்தில் மற்றொன்றைப் பயன்படுத்துவதும், அவற்றின் கூட்டு மதிப்பெண்களை நேரடியாக ஒப்பிடுவதும் வழக்கமாகியுள்ளன. ஹாமில்டன் அளவுகோல், பெக் வினாநிரல், சுங் அளவுகோல், சி.இ.எஸ்.டி., மாண்ட்கோமரி–ஆஸ்பெர்க் அளவுகோல், எடின்பரோ அளவுகோல், பி.எச்.கியூ–9 முதலியவை எந்தத் தேவைக்காக, யாரை முன்வைத்து உருவாயின என்பதை இக்கட்டுரை வரலாற்று முறையில் ஆராய்கிறது. உறக்கம், தற்கொலை எண்ணம் ஆகிய இரு கூறுகளை ஒவ்வொரு கருவியும் கையாளும் விதத்தை ஒப்பிட்டு, கருவியின் பிறப்புச்சூழல் அதன் மதிப்பெண்ணில் நிலைத்திருப்பதையும், கருவித் தேர்வு ஆய்வு முடிவையே மாற்றக்கூடும் என்பதையும் நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: மனச்சோர்வு, வினாநிரல், அளவுகோல், அறிகுறி, வெட்டுப்புள்ளி, ஏற்புடைமை, மொழிபெயர்ப்பு.

முன்னுரை

குருதியில் சர்க்கரையின் அளவை இருவேறு ஆய்வகங்கள் அளந்தால், இரண்டும் ஒரே பொருளையே அளக்கின்றன என்பதில் ஐயமில்லை. மனச்சோர்வுக்கு அத்தகைய குருதிச் சோதனை இல்லை. நோயாளி சொல்வதும் மருத்துவர் காண்பதுமே அங்குச் சான்றுகள். இச்சான்றுகளை ஒழுங்குபடுத்தி எண்ணாக மாற்றும் பணியை வினாநிரல்கள் செய்கின்றன. எவ்வறிகுறிகளைக் கேட்பது, எவற்றை விடுப்பது, ஒவ்வொன்றுக்கும் எத்தனை மதிப்பெண் அளிப்பது, எத்தனை நாள்களைக் கணக்கில் கொள்வது ஆகியவற்றை வினாநிரலை ஆக்கியவரே முடிவுசெய்கிறார். ஆகவே வினாநிரல்களின் வரலாறு என்பது, மனச்சோர்வு எனப்படுவது யாது என்பது குறித்து வெவ்வேறு காலங்களில் எடுக்கப்பட்ட முடிவுகளின் வரலாறாகவும் அமைகிறது.

1960க்கு முன்பும் இத்தகைய முயற்சிகள் இருந்தன. அமெரிக்காவின் மின்னசோட்டா ஆளுமை வினாநிரலில் மனச்சோர்வுக்கென 60 கூற்றுகள் கொண்ட ஒரு பகுதியை ஹாத்தவே, மெக்கின்லி ஆகியோர் 1942இல் வெளியிட்டனர். எனினும் அது ஆளுமையை விரிவாக ஆராயும் ஒரு பெருங்கருவியின் உறுப்பாகவே இருந்தது. மனச்சோர்வை மட்டுமே அளக்கும் சுருக்கமான கருவிகளுக்கான தேவை மருந்துகளின் வருகையோடு கூர்மை பெற்றது.

மருந்தாய்வும் ஹாமில்டன் அளவுகோலும்

சுவிட்சர்லாந்தின் மூன்ஸ்டர்லிங்கன் மருத்துவமனையில் பணியாற்றிய ரோலண்ட் கூன், இமிப்ரமின் என்னும் மருந்து மனச்சோர்வைத் தணிப்பதை 1957இல் அறிவித்தார். அதன்பின் ஒரு மருந்து நோயைக் குறைத்ததா, எவ்வளவு குறைத்தது என்னும் வினாக்களுக்கு விடை தேவைப்பட்டது. 1962இல் அமெரிக்கா நிறைவேற்றிய கெஃபாவர்–ஹாரிஸ் சட்டத்திருத்தம், மருந்தின் பயன்திறனைச் சான்றுடன் மெய்ப்பிக்க வேண்டும் என்று நிறுவனங்களைக் கட்டாயப்படுத்தியது. சிகிச்சைக்கு முன்னும் பின்னும் ஒப்பிடத்தக்க எண் ஒன்று இன்றியமையாததாயிற்று.

இங்கிலாந்தின் லீட்ஸ் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த மேக்ஸ் ஹாமில்டன் 1960இல் வெளியிட்ட அளவுகோல் இத்தேவைக்குப் பொருந்தியது. மருத்துவர் நோயாளியுடன் உரையாடி 17 உருப்படிகளுக்கு மதிப்பெண் இடுவார். மிகுதியான மதிப்பெண் 52. முதல் கட்டுரையின் தரவுகள் 49 ஆண் நோயாளிகளிடமிருந்து பெறப்பட்டவை. இயன்றவரை இரு மருத்துவர்கள் தனித்தனியே மதிப்பிட்டு, அவர்தம் மதிப்பெண்களைக் கூட்ட வேண்டும் என ஹாமில்டன் பரிந்துரைத்தார். மனச்சோர்வு நோய் உண்டென முன்னரே நோயறிதல் செய்யப்பட்டவர்களுக்கு மட்டுமே இது உரியது என்பதையும் அவர் தெளிவுபடுத்தினார். நோய் உள்ளதா என்று கண்டறியும் கருவியாக அவர் இதனை முன்வைக்கவில்லை.

மருத்துவமனையில் சேர்க்கப்படும் அளவுக்குக் கடுமையான மனச்சோர்வே அக்கால உளமருத்துவரின் கண்முன் இருந்தது. உறக்கமின்மை, எடைக்குறைவு, பதற்றம், செயல் மந்தம், செரிமானக் கோளாறு போன்ற உடல்சார் அறிகுறிகளுக்கு இவ்வளவுகோல் மிகுந்த இடமளிப்பதற்கு இதுவே காரணம் எனலாம். உறக்கம் வராமை, இடையில் விழித்தல், விடியுமுன் விழித்தல் என உறக்கத்திற்கு மட்டும் மூன்று உருப்படிகளும் 6 மதிப்பெண்களும் உள்ளன. தற்கொலை எண்ணத்திற்கு உரியவை 4 மதிப்பெண்கள். மிகுதியாக உறங்குதல், மிகுதியாக உண்ணுதல் ஆகியவை இடம்பெறவே இல்லை.

இவ்வமைப்பின் விளைவு மருந்தாய்வுகளில் வெளிப்படையாகத் தெரிகிறது. உறக்கம் தரும் தன்மையுள்ள மருந்து ஒன்று, நோயாளியின் துயரத்தைச் சிறிதும் தொடாமலேயே கூட்டு மதிப்பெண்ணைச் சில புள்ளிகள் குறைக்க இயலும். வயிற்றுக்கோளாற்றைப் பக்கவிளைவாகத் தரும் மருந்து அதே எண்ணை உயர்த்தவும் கூடும். இது சிறிய செய்தி அன்று. பிரிட்டனின் நைஸ் நிறுவனம் 2004ஆம் ஆண்டு வழிகாட்டுதலில், மருந்துக்கும் போலிமருந்துக்கும் இடையே ஹாமில்டன் அளவுகோலில் 3 புள்ளி வேறுபாடு இருப்பதையே மருத்துவமுறையில் பொருட்படுத்தத்தக்கது எனக் கொண்டது. அமெரிக்க மருந்து நிர்வாகத்திடம் அளிக்கப்பட்ட ஆய்வுத் தரவுகளைத் தொகுத்து 2008இல் இர்விங் கெர்ஷ் குழுவினர் வெளியிட்ட கட்டுரை, அவ்வேறுபாடு சராசரியாக 1.8 புள்ளிகளே என்று கூறிப் பெரும் விவாதத்தை எழுப்பியது. மருந்துகள் பயன் தருகின்றனவா என்னும் வினா ஓரிரு புள்ளிகளில் தொங்கிநிற்க, உறக்கத்திற்கு மட்டும் 6 புள்ளிகள் ஒதுக்கப்பட்டிருந்தன. இவ்வளவுகோலைப் பொற்தரம் என அழைத்து வந்த வழக்கத்தை, பாக்பி குழுவினர் 2004இல் எழுதிய திறனாய்வு வெளிப்படையாகவே கேள்விக்கு உட்படுத்தியது.

நோயாளியின் கூற்று: பெக், சுங்

ஹாமில்டன் மருத்துவரின் பார்வையை எண்ணாக்கினார் எனில், ஆரோன் பெக் நோயாளியின் எண்ணங்களை எண்ணாக்கினார். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய பெக் உளப்பகுப்பாய்வுப் பயிற்சி பெற்றவர். மனச்சோர்வுற்றோரின் கனவுகளையும் பேச்சையும் ஆராய்ந்தபோது, தம்மைப் பற்றியும் உலகைப் பற்றியும் எதிர்காலத்தைப் பற்றியும் அவர்கள் கொண்டிருந்த எதிர்மறை எண்ணங்கள் அவர் கவனத்தை ஈர்த்தன. 1961இல் அவரும் உடன் ஆய்வாளர்களும் வெளியிட்ட வினாநிரலில் 21 உருப்படிகள் உள்ளன. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை, மொத்தம் 63 மதிப்பெண்கள். நம்பிக்கையின்மை, தோல்வியுணர்வு, குற்றவுணர்வு, தண்டிக்கப்படுவதாக எண்ணுதல், தன்வெறுப்பு, தற்பழிப்பு எனச் சிந்தனை சார்ந்தவை இதில் மேலோங்கி நிற்கின்றன. பின்னர் பெக் உருவாக்கிய அறிதிறன் சிகிச்சையின் கருத்தடிப்படை இவ்வுருப்படிகளிலேயே முளைவிட்டிருப்பதைக் காணலாம். எனவே அறிதிறன் சிகிச்சையின் பயனை இதே வினாநிரலால் அளக்கும்போது, சிகிச்சை நேரடியாக மாற்ற முனையும் எண்ணங்களையே கருவியும் கேட்கிறது என்பதை ஆய்வாளர் நினைவிற்கொள்ள வேண்டும்.

1996இல் வெளிவந்த இரண்டாம் பதிப்பு இக்கருவியைக் கணிசமாக மாற்றியது. உடல் தோற்றம், நோயச்சம், எடைக்குறைவு, வேலை செய்வதில் இடர்ப்பாடு ஆகியவை நீக்கப்பட்டுப் பதற்றம், பயனற்றவர் என்னும் உணர்வு, கவனக்குறைவு, ஆற்றல் இழப்பு ஆகியவை சேர்க்கப்பட்டன. உறக்கமும் பசியும் கூடுவதையும் குறைவதையும் தனித்தனித் தெரிவுகளாகக் கேட்கும் முறை வந்தது. வினவப்படும் காலம் இரண்டு வாரமாயிற்று. அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தின் நோயறிதல் கையேட்டுக்கு இணங்கவே இம்மாற்றங்கள் செய்யப்பட்டன. ஆகவே 'பெக் வினாநிரல்' என்று மட்டும் குறிப்பிட்டு, 1980களின் ஆய்வொன்றையும் 2010களின் ஆய்வொன்றையும் ஒரே வரிசையில் வைப்பது பிழைக்கு இடமளிக்கும்.

டியூக் பல்கலைக்கழகத்தின் வில்லியம் சுங் 1965இல் வெளியிட்ட தன்மதிப்பீட்டு அளவுகோல், 20 கூற்றுகளைக் கொண்டது. பத்துக் கூற்றுகள் நேர்நிலையிலும் பத்துக் கூற்றுகள் எதிர்நிலையிலும் அமைந்துள்ளன. எல்லாவற்றிற்கும் ஒரே விடையைக் குறித்துச் செல்லும் போக்கைத் தடுக்க இம்முறை கையாளப்பட்டது. இங்குக் கேட்கப்படுவது அறிகுறியின் கடுமை அன்று. அது எவ்வளவு அடிக்கடி நிகழ்கிறது என்பதே. பெக் வினாநிரல் கடுமையைப் படிநிலைப்படுத்த, சுங் அளவுகோல் நிகழ்வெண்ணைப் படிநிலைப்படுத்துகிறது. என்றாவது ஒருநாள் தாங்கவியலாத துயரில் ஆழ்பவரும், நாள்தோறும் இலேசான சோர்வுடன் வாழ்பவரும் இவ்விரு கருவிகளிலும் ஒரே வரிசையில் நிற்க மாட்டார்கள்.

மக்கள்தொகையை நோக்கிய நகர்வு

1970களில் வினா மருத்துவமனையிலிருந்து வெளியேறியது. நோயாளியாக வராத பொதுமக்களிடம் மனச்சோர்வு அறிகுறிகள் எவ்வளவு பரவியுள்ளன, அவை வருமானம், வயது, பாலினம் போன்றவற்றோடு எவ்வாறு தொடர்புறுகின்றன என்பதை அறிய அமெரிக்கத் தேசிய மனநல நிறுவனம் முனைந்தது. மிசூரி மாநிலத்தின் கேன்சஸ் நகரிலும் மேரிலாந்து மாநிலத்தின் வாஷிங்டன் மாவட்டத்திலும் நடைபெற்ற கள ஆய்வுகளின் அடிப்படையில், லெனோர் ராட்லஃப் 1977இல் சி.இ.எஸ்.டி. அளவுகோலை வெளியிட்டார். முந்தைய வினாநிரல்களிலிருந்து தெரிவுசெய்யப்பட்ட 20 கூற்றுகள், கடந்த ஒரு வாரம், மொத்தம் 60 மதிப்பெண்கள் என்பது அதன் அமைப்பு. 16 என்பது பரவலாகக் கையாளப்பட்ட வெட்டுப்புள்ளி.

இதில் தற்கொலை எண்ணம் பற்றிய கூற்று இல்லை. பொதுமக்களிடம் அறிகுறிகளின் பரவலை ஆராய வந்த கருவிக்கு அது பெருங்குறையாகத் தோன்றாமல் இருக்கலாம். ஆனால் இதே கருவியைக் கல்லூரி மாணவரிடையே இடருள்ளோரைக் கண்டறியப் பயன்படுத்தினால், மிக முதன்மையான வினாவே கேட்கப்படாமல் போகிறது. கருவி பிழையன்று, அது எதற்காக ஆக்கப்பட்டதோ அதற்கு அப்பால் எடுத்துச் செல்லப்படுவதே இடர்.

மாற்றத்தை அளத்தலும் தனிக்குழுக்களும்

ஸ்டூவர்ட் மாண்ட்கோமரி, மேரி ஆஸ்பெர்க் ஆகியோர் 1979இல் வெளியிட்ட அளவுகோலின் நோக்கம் அதன் ஆக்கமுறையிலேயே தெரிகிறது. இங்கிலாந்திலும் சுவீடனிலும் 106 நோயாளிகளிடம் 65 உருப்படிகள் கொண்ட விரிவான அளவுகோல் ஒன்று கையாளப்பட்டது. அவற்றுள் மிகுதியாகக் காணப்பட்ட 17 அறிகுறிகளும், அவற்றிலிருந்து சிகிச்சையின்போது மிகுதியாக மாறிய 10 அறிகுறிகளும் தெரிந்தெடுக்கப்பட்டன. சிகிச்சையால் எளிதில் மாறாத அறிகுறி, நோயாளிக்கு எத்துணைத் துன்பம் தரினும், இத்தேர்வில் இடம்பெறும் வாய்ப்புக் குறைவு. உறக்கக்குறைவுக்கும் தற்கொலை எண்ணத்துக்கும் இங்கு 60இல் 6 மதிப்பெண்கள் என்னும் சம இடம் கிடைக்கிறது.

உடல்நோயாளர்களுக்கெனச் சிக்மண்ட், ஸ்னேத் ஆகியோர் 1983இல் வெளியிட்ட மருத்துவமனைப் பதற்ற–மனச்சோர்வு அளவுகோல், எதிர்த்திசையில் சென்றது. புற்றுநோயாளி ஒருவருக்குப் பசியின்மையும் உறக்கமின்மையும் அந்நோயாலேயே வரலாம் என்பதால் உடல்சார் வினாக்கள் பெரும்பாலும் தவிர்க்கப்பட்டன. உறக்கம் பற்றிய வினாவே இல்லை. மனச்சோர்வுக்குரிய ஏழு கூற்றுகள் மகிழ்ச்சியை நுகரும் திறன் குன்றுவதையே பெரிதும் சுற்றி அமைந்துள்ளன.

மகப்பேற்றுக்குப் பிந்தைய மனச்சோர்வுக்காகக் காக்ஸ், ஹோல்டன், சகோவ்ஸ்கி ஆகியோர் 1987இல் உருவாக்கிய எடின்பரோ அளவுகோல் இதே சிக்கலை நுட்பமாகத் தீர்த்தது. குழந்தை பெற்ற தாய்க்கு உறக்கம் கெடுவது இயல்பு. எனவே உறக்கம் கெட்டதா என்று கேட்காமல், துயரத்தினால் உறங்க இயலாமற் போனதா என்று இக்கருவி கேட்கிறது. பத்துக் கூற்றுகளில் இறுதியானது தனக்குத் தானே தீங்கிழைக்கும் எண்ணத்தைப் பற்றியது. ஒரு வினாவின் சொல்லமைப்பைக் களத்தின் உண்மைநிலைக்கு ஏற்ப மாற்றுவதன் பயனுக்கு இது சிறந்த சான்று.

நோயறிதல் கையேடும் ஒன்பது வினாக்களும்

அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தின் கையேடு 1980ஆம் ஆண்டின் மூன்றாம் பதிப்பில், காரணங்களை விடுத்து அறிகுறிப் பட்டியல்களின் அடிப்படையில் நோய்களை வரையறுத்தது. அப்பணிக்குத் தலைமையேற்றவர் ராபர்ட் ஸ்பிட்சர். அதே ஸ்பிட்சரும் ஜேனட் வில்லியம்ஸ், கர்ட் குரோன்கே ஆகியோரும் இணைந்து, பொதுமருத்துவர்களுக்கென ஃபைசர் நிறுவனத்தின் நிதியுதவியுடன் பி.எச்.கியூ–9 வினாநிரலை உருவாக்கினர். இதன் ஏற்புடைமையை ஆராய்ந்த கட்டுரை 2001இல் வெளிவந்தது. கையேட்டின் நான்காம் பதிப்பு வகுத்த ஒன்பது அறிகுறிகள் ஒன்பது வினாக்களாயின. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை, மொத்தம் 27 மதிப்பெண்கள்.

6,000 நோயாளிகளைக் கொண்ட அவ்வாய்வில், 10 என்னும் வெட்டுப்புள்ளி 88 விழுக்காடு உணர்திறனும் 88 விழுக்காடு குறிப்புத்திறனும் உடையதாகக் காணப்பட்டது. சுருக்கம், கட்டணமின்மை, கையேட்டோடு பொருந்துதல் ஆகிய மூன்றும் இதனை உலகெங்கும் பரப்பின. இதன் வினாக்கள் கையேட்டின் இணைப்புகளையும் அப்படியே ஏற்றுள்ளன. உறக்கம் வராமையும் மிகுதியாக உறங்குவதும் ஒரே வினா. பசியின்மையும் மிகுதியாக உண்பதும் ஒரே வினா. மந்தமும் அமைதியின்மையும் ஒரே வினா. நேர்மாறான நிலையிலுள்ள இருவர் ஒரே மதிப்பெண் பெறுவதற்கு இங்கு வழியுண்டு. ஒன்பதாம் வினா, இறந்துவிட்டால் நலம் என்னும் எண்ணத்தையும் தனக்குத் தீங்கிழைக்கும் எண்ணத்தையும் ஒன்றாக்குகிறது. இவ்வினாவுக்கு ஆம் என விடையளிப்பவரிடம் அடுத்து என்ன கேட்க வேண்டும் என்பதை வினாநிரல் சொல்வதில்லை. அதற்கு மருத்துவரின் நேர்காணல் தேவை.

ஒப்பீடு காட்டுவன

ஐகோ ஃபிரீட் 2017இல் ஏழு அளவுகோல்களின் உள்ளடக்கத்தை ஒப்பிட்டார். அவற்றின் 125 உருப்படிகள் 52 தனி அறிகுறிகளைக் குறிப்பதாகவும், அவற்றுள் 40 விழுக்காடு ஒரேயோர் அளவுகோலில் மட்டும் உள்ளதாகவும், எல்லாவற்றிலும் உள்ளவை 12 விழுக்காடு மட்டுமே என்றும் அவர் கண்டார். இருவேறு அளவுகோல்களின் மதிப்பெண்கள் ஒன்றோடொன்று உயர்ந்த ஒட்டுறவு கொண்டிருப்பதால் அவை ஒன்றையே அளக்கின்றன எனக் கூறுவது வழக்கம். உயரமும் எடையும் கூடத்தான் ஒட்டுறவு கொண்டவை. ஒன்றைக்கொண்டு மற்றதை அறிந்துவிட்டதாக யாரும் கொள்வதில்லை.

வெட்டுப்புள்ளியைக் கொண்டு பரவல் வீதத்தைக் கணிப்பதிலும் இதே இடர் உள்ளது. 44 ஆய்வுகளின் 9,242 பேரது தரவுகளைத் தொகுத்து புரூக் லெவிஸ் குழுவினர் 2020இல் வெளியிட்ட ஆய்வில், பி.எச்.கியூ–9இல் 10 அல்லது அதற்கு மேல் பெற்றோர் 24.6 விழுக்காடு, முறைப்படுத்தப்பட்ட நோயறி நேர்காணலால் மனச்சோர்வு நோய் உறுதிசெய்யப்பட்டோர் 12.1 விழுக்காடு. இடருள்ள எவரையும் தவறவிடாமல் இருப்பதற்காகத் தாழ்வாக வைக்கப்பட்ட வெட்டுப்புள்ளி, நோயாளிகளை எண்ணுவதற்குப் பயன்பட்டபோது எண்ணிக்கை இருமடங்காயிற்று.

இந்தியச் சூழலிலும் இவ்வேறுபாட்டை உணரலாம். பி.எச்.கியூவை 12 உருப்படிகளாக மாற்றியமைத்துச் சென்னையில் 25,455 பேரிடம் நடத்தப்பட்டு 2009இல் வெளியான ஆய்வு, மனச்சோர்வின் பரவலை 15.1 விழுக்காடாகக் கணித்தது. தமிழ்நாடு உள்ளிட்ட 12 மாநிலங்களில் 2015–16இல் நோயறி நேர்காணல் வழி நடத்தப்பெற்ற தேசிய மனநலக் கணக்கெடுப்பு, நடப்பு மனச்சோர்வு நோயை 2.7 விழுக்காடாகக் கணித்தது. காலமும் களமும் வேறு என்பதால் இடைவெளி முழுவதையும் கருவியின் மேல் ஏற்றவியலாது. எனினும் இவ்விரு எண்களில் எதனை ஏற்பது என்பதைப் பொறுத்தே எத்தனை மருத்துவர், எவ்வளவு நிதி என்னும் திட்டக் கணக்குகள் மாறும்.

மொழிபெயர்ப்பின் எல்லை

சி.இ.எஸ்.டி. போன்ற கருவிகளில், துயரத்தை நீல நிறத்தோடு இணைக்கும் ஆங்கில வழக்கு கூற்றுகளிலேயே இடம்பெறுகிறது. பிற மொழியில் அது வெறும் 'துயரம்' ஆகிவிட்டால், வேறு கூற்று ஒன்றோடு ஒப்புமையாகி வினாவின் தனித்தன்மை மறைகிறது. ஜப்பானியரிடையே ஆய்வு நடத்திய நொபொரு இவாடா குழுவினர், மகிழ்ச்சி, நம்பிக்கை ஆகியவற்றைக் கேட்கும் நேர்நிலைக் கூற்றுகளுக்கு அவர்கள் குறைவாகவே இசைவு தெரிவிப்பதைக் கண்டனர். அக்கூற்றுகள் தலைகீழாக மதிப்பிடப்படுவதால், தன்னடக்கமும் மனச்சோர்வாகக் கணக்கில் ஏறிவிடுகிறது.

தமிழில் இச்சிக்கல் பெயரிலேயே தொடங்குகிறது. 'மன அழுத்தம்' என்னும் தொடர் இதழ்களிலும் பேச்சிலும் நெருக்கடியையும் மனச்சோர்வு நோயையும் ஒருங்கே குறிக்கிறது. 'மனசு சரியில்லை' என்பார் ஒருவர் கவலையையோ சினத்தையோ துயரத்தையோ குறிக்கலாம். மொழிபெயர்த்துப் பின் மீள்மொழிபெயர்ப்புச் செய்து சரிபார்க்கும் முறை சொற்பொருளைக் காக்கும். கேட்கப்பட வேண்டிய வேறு அறிகுறிகள் விடுபட்டனவா என்பதை அம்முறை காட்டாது.

மாற்று வழியும் உண்டு. ஜிம்பாப்வேயின் ஹராரே நகரில் விக்ரம் பட்டேல் குழுவினர் 1997இல் வெளியிட்ட ஷோனா அறிகுறி வினாநிரல், அங்குள்ள மக்கள் தம் துன்பத்தைச் சொல்லும் சொற்களிலிருந்தே ஆக்கப்பட்டது. 'குஃபுங்கிசீசா' எனப்படும் அளவுகடந்த சிந்தனை அதன் 14 வினாக்களுள் இடம்பெற்றுள்ளது. அந்நாட்டின் 'நட்பிருக்கை' உளநலத் திட்டத்தின் பயனை ஆராய்ந்து 2016இல் வெளியான ஆய்வு இவ்வினாநிரலையே அளவையாகக் கொண்டது. உள்ளூர்ச் சொற்களிலிருந்து எழுந்த கருவி உலகத் தரமுள்ள ஆய்வுக்கும் பயன்படும் என்பதற்கு இது சான்று.

முடிவுரை

ஒரே கருவியை எல்லோரும் பயன்படுத்தினால் ஒப்பீடு எளிதாகும் என்னும் கருத்து வலுப்பெற்று வருகிறது. வெல்கம் அறக்கட்டளையும் அமெரிக்கத் தேசிய மனநல நிறுவனமும் 2020இல் தம் நிதியுதவி பெறும் ஆய்வுகளுக்குப் பி.எச்.கியூ–9ஐப் பொதுக்கருவியாக முன்வைத்தன. பரவீதா பட்டாலே, ஐகோ ஃபிரீட் ஆகியோர் இதனை மறுத்து எழுதினர். பொதுக்கருவியால் விளையும் நன்மை உண்மையானது. ஆயினும் ஒரு கையேட்டின் ஒன்பது அறிகுறிகளே மனச்சோர்வு என்னும் வரையறையும் அதனுடன் சேர்ந்தே பரவும் என்பதையும் கருத வேண்டும்.

மேற்கண்ட வரலாறு ஆய்வாளர்க்கு மூன்று நடைமுறைகளைப் பரிந்துரைக்கிறது. முதலாவதாக, கருவியின் பெயரோடு பதிப்பு, வினவப்படும் காலம், வெட்டுப்புள்ளி, அவ்வெட்டுப்புள்ளி எந்த மக்களிடம் பெறப்பட்டது என்பனவற்றைக் குறிப்பிட வேண்டும். இரண்டாவதாக, கூட்டு மதிப்பெண்ணோடு உருப்படிவாரியான மதிப்பெண்களையும் வெளியிட வேண்டும். உறக்கம் மட்டும் சீரானதா, துயரும் தணிந்ததா என்பது அப்போதுதான் தெரியும். மூன்றாவதாக, தமிழில் ஒரு கருவியைக் கையாளுமுன், அக்களத்து மக்கள் தம் சோர்வை எச்சொற்களால் கூறுகின்றனர் என்பதை நேர்காணல் வழி அறிந்து, வினாநிரல் விட்டுவைத்தவை எவை எனப் பதிவுசெய்ய வேண்டும்.

லீட்ஸ் மருத்துவமனையின் 49 ஆண்களுக்கும் எடின்பரோவின் இளந்தாய்மார்க்கும் அமெரிக்கப் பொதுமருத்துவரிடம் வந்தவர்க்கும் கேட்கப்பட்டவை வெவ்வேறு வினாக்கள். அவ்வினாக்களை அறியாமல் விடைகளின் கூட்டுத்தொகையை மட்டும் ஒப்பிடும் ஆய்வு, யாருக்குச் சிகிச்சை தேவை என்பதில் பிழை செய்யும் வாய்ப்பு மிகுதி. அப்பிழையின் சுமையை ஏற்பவர், படிவத்தில் விடை குறித்துவிட்டு எதிரில் அமர்ந்திருப்பவரே.